குஞ்சு பொரிக்கும் அறையில் கோடு விழுந்த திரை

அந்தப் பெண் என் கடைக்கு வந்த நேரம், மத்தியானச் சாப்பாட்டுக்கு டப்பாவைத் திறந்திருந்தேன். சங்ககிரி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரே ஒரு அறை, அதுதான் என் கடை. லேப்டாப் மட்டும்தான் பார்க்கிறேன். லாரி புக்கிங் ஆபீஸ்காரர்கள், காலேஜ் பிள்ளைகள், பள்ளிபாளையத்து நூல் வியாபாரிகள், யார் வந்தாலும் தோளில் ஒரு பையோடுதான் வருவார்கள். அவள் வெறுங்கையோடு வந்தாள். முப்பது வயதிருக்கும். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மேடம், போன வாரம் ஹேச்சரி லேப்டாப் ஒண்ணு பாத்தீங்க. அதுல கோளாறு எதுவும் இல்லன்னு எழுதிக் குடுத்தீங்க."

"ஆமாங்க."

"அத வச்சு வேல பாக்குறது நான்தான். நீங்க குடுத்த காகிதத்தக் காட்டித்தான் என்னை வேலைய விட்டு நிறுத்தப் போறாங்க."

டப்பாவை மூடி ஓரமாக வைத்தேன்.

அந்த லேப்டாப் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகிற வழியில் இருக்கிறது அந்தக் கோழிக்குஞ்சு ஹேச்சரி. முதலாளி நாலைந்து வருஷமாக என் வாடிக்கையாளர். அங்கே முட்டைகளைப் பதினெட்டு நாள் ஒரு மெஷினில் வைத்திருந்து, கடைசி மூன்று நாள் ஹேச்சர் என்கிற இன்னொரு மெஷினுக்கு மாற்றுவார்கள். குஞ்சு ஓட்டை உடைத்து வெளியே வருவது அதற்குள்தான். எட்டு ஹேச்சர்களின் வெப்பமும் ஈரமும் ஒயர் வழியாக இந்த லேப்டாப்புக்கு வந்து, திரையில் எட்டு வரியாகத் தெரியும். ஒரு ஆள் அதன் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டு மாதம் முன்பு அதன் கீல் உடைந்து திரை விரிசல் விட்டு வந்தது. நான்தான் புதுத் திரை மாட்டினேன். போன வாரம் மறுபடி அதை எடுத்து வந்தவர் முதலாளியின் மச்சான். அங்கே சூப்பர்வைசராக இருக்கிறார். "ஏனுங்க, இத ரெண்டு நாளைக்கு ஓட உட்டுப் பாத்துட்டு, திரை நல்லாத்தான் இருக்குதுன்னு ஒரு லெட்டர் குடுங்க" என்றார். இரண்டு நாள் ஓடவிட்டேன். ஒரு குறையும் தெரியவில்லை. நாலு வரி எழுதி, கடை முத்திரை குத்திக் கொடுத்தேன். லெட்டர் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

இப்போது அந்தப் பெண் சொன்னாள். அயோத்தியாப்பட்டணத்துக்காரி. கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்து, ஆறு வருஷமாக அதே ஹேச்சரியில் வேலை. பத்துப் பதினைந்து நாளாகத் திரையில் திடீர் திடீரென்று கோடு கோடாக ஓடுகிறதாம். சில சமயம் முழுக்க வெள்ளையாகப் போய்விடுமாம். இரண்டு நிமிஷத்தில் தானாகவே சரியாகிவிடும். சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் வந்து பார்க்கும் நேரத்தில் திரை ஒழுங்காக இருக்கும்.

ஒரு மத்தியானம் ஒரு மணி நேரத்துக்கு மேல் அது நிலைகொள்ளவே இல்லை. ஒவ்வொரு மெஷினின் கதவிலும் கண்ணாடிக்குள் ஒரு ஃபாரன்ஹீட் தெர்மாமீட்டர் இருக்கிறது. டார்ச்சை எடுத்துக்கொண்டு எட்டையும் சுற்றிச் சுற்றிப் படித்திருக்கிறாள். ஏழாவது மெஷினின் கண்ணாடியில் நீர் கோத்திருந்ததால் முதல் சுற்றில் படிக்க முடியவில்லை. இரண்டாவது சுற்றில் கதவைத் திறந்து பார்த்தபோது உள்ளே அனலடித்தது. குளிர்ச்சிக்குத் தண்ணீர் விடும் வால்வு அடைத்துக்கொண்டிருந்தது. அந்த மெஷினில் பொரிந்த குஞ்சுகளில் பெரும்பகுதி செத்துப்போயின.

"நான் போன் பாத்துக்கிட்டு இருந்தேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு."

"போன் கையில இருந்துதா?"

"இருந்துச்சு. திரையை வீடியோ எடுத்தேன். இல்லன்னா யார் நம்புவாங்க?"

வீடியோவைக் காட்டினாள். திரை மேல் பட்டை பட்டையாக ஏதோ ஓடியது. முதலாளியிடமும் காட்டியிருக்கிறாள். போனில் எடுத்தால் எல்லாத் திரையும் அப்படித்தான் ஓடும் என்று அவர் சொல்லிவிட்டாராம். அதில் தப்பும் இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவளிடமும் சொன்னேன்.

"தெரியும் மேடம். வீடியோவக் காட்ட நான் வரல. நீங்க கடையில வச்சுப் பாத்தீங்க. எங்க எடத்துல வச்சுப் பாக்கலையே."

இடுப்பில் செருகியிருந்த சின்ன நோட்டை எடுத்தாள். எப்போதெல்லாம் கோடு விழுந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று பென்சிலில் எழுதியிருந்தாள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'ஃபேன்' என்று எழுதியிருந்ததைக் காட்டி என்னவென்று கேட்டேன்.

"ஃபேன் சத்தம் ஏறுறப்பதான் கோடு விழுது. அதான் எழுதி வச்சேன்."

"ஃபேன் ஒரே வேகத்துல ஓடாதா?"

"முன்னாடி அப்படித்தான் ஓடுச்சு. இப்ப கரண்ட் மிச்சமாகும்னு புதுசா பெட்டி மாட்டியிருக்காங்க. சூடு ஏறினா ஃபேன் வேகம் தானா கூடுது. டிரைவ்னு சொல்றாங்க."

அந்த ஒரு சொல்லில் எனக்கு விஷயம் பிடிபட்டது. மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற டிரைவ், மின்சாரத்தை ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி அனுப்பும். அந்த வெட்டில் கிளம்பும் இரைச்சல் ஒயர் வழியாகவும் பரவும், காற்று வழியாகவும் பரவும். மிக்ஸி ஓடும்போது பக்கத்தில் இருக்கிற ரேடியோ கரகரக்கிறதே, அதே சங்கதிதான். என் கடையில் டிரைவும் இல்லை, பெரிய மோட்டாரும் இல்லை. இரண்டு நாளல்ல, இரண்டு வருஷம் ஓடவிட்டிருந்தாலும் அங்கே கோடு விழுந்திருக்காது.

"நாளைக்குக் காலையில வர்றேன்" என்றேன்.

"நாளைக்குத்தான் எல்லா மெஷினும் பொரிக்குது. நாளையோட எனக்கும் கடைசி" என்றாள்.

அவள் போன பிறகு முதலாளிக்கு போன் செய்தேன். "அம்மிணி, நல்லாருக்குதுன்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க. இப்ப என்னத்துக்குங்க வாரீங்க?" என்றார். கடையில் வைத்து மட்டும் பார்த்துவிட்டு எழுதியது என் தப்பு என்றேன். "நாளைக்குக் குஞ்சு எடுக்கற நாளுங்க. சரி, வாங்க. ஆனா மெஷினத் தொடப்படாது" என்றார்.

காலையில் ஸ்கூட்டியில் கிளம்பினேன். ஹேச்சரிக்குள் நினைத்தவுடன் நுழைந்துவிட முடியாது. வெளியிலிருந்து எந்தக் கிருமியும் போய்விடக் கூடாது என்று வாசலிலேயே குளிக்க வைத்து, அவர்கள் கொடுக்கிற உடுப்பைப் போட்டுக்கொண்டு, மருந்துத் தண்ணீரில் காலை நனைத்த பிறகுதான் விடுவார்கள். என் கருவிப் பையை ஒரு பெட்டிக்குள் வைத்து கிருமி கொல்லும் விளக்கு வெளிச்சத்தில் அரை மணி நேரம் வைத்திருந்தார்கள். ஈரத் தலையோடு அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஃபேன் சத்தம் ஏறுவதும் இறங்குவதும் கேட்டது. இப்போது கோடு விழுந்திருக்கும், பார்க்க முடியாமல் போகிறதே என்று இருப்புக்கொள்ளவில்லை.

ஹேச்சர் அறை நீளமாக இருந்தது. இரண்டு பக்கமும் நான்கு நான்கு மெஷின்கள், ஒவ்வொன்றும் ஒரு அறை அளவு. கதவுகளுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் ஒரே குரலில் கத்திக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு இரும்பு மேஜை, அதன் மேல் லேப்டாப். முதலாளியும் மச்சானும் எனக்கு முன்பே வந்து நின்றார்கள். அந்தப் பெண் மேஜைக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றாள். என்னைத் தெரிந்தவள்போல் அவள் காட்டிக்கொள்ளவில்லை.

திரை தெளிவாக இருந்தது.

கால் மணி நேரம் பார்த்தோம். அரை மணி நேரம் பார்த்தோம். எட்டு வரியும் அசையாமல் நின்றன. மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஏனுங்க, கண்ணு வலிக்கப் போகுதுங்க. வெளிய வந்து டீ குடிங்க" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. ஒருவேளை இந்தப் பெண் சொன்னது பொய்யோ என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இன்றுவரைக்கும் வெட்கப்படுகிறேன்.

முதலில் சத்தம்தான் மாறியது. நான்காவது மெஷினின் ஃபேன் மெல்ல ஏறியது. பின்னாலேயே ஐந்து, ஏழு. திரையின் மேல் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு துடித்தது. இன்னொன்று சேர்ந்தது. எண்கள் நடுவில் கிழிந்ததுபோல் விலகின. பிறகு முழுத் திரையும் கோடுகளாகி வெளுத்துப்போனது.

முதலாளி குனிந்து பார்த்தார். மச்சான், "நீங்க ஒயர ஆட்டினீங்களா?" என்று கேட்டார். இரண்டு கையையும் மடியில்தான் வைத்திருந்தேன். தூக்கிக் காட்டினேன். அந்தப் பெண் சுவரில் தொங்கிய டார்ச்சை எடுத்துக்கொண்டு முதல் மெஷினின் கண்ணாடியைப் பார்க்கப் போனாள். திரை போனால் செய்ய வேண்டிய வேலை அதுதானே.

பையிலிருந்து ஒரு பாக்கெட் ரேடியோவை எடுத்தேன். எந்த நிலையமும் வராத இடத்தில் முள்ளை வைத்துக்கொண்டு நடந்தால், இரைச்சல் எங்கே அதிகமோ அங்கே அது கத்தும். டிரைவ் பெட்டிகள் மாட்டிய சுவரில் அது அலறியது. அங்கிருந்து மோட்டாருக்குப் போகும் ஒயர்களின் மேலேயே நகர்த்திக்கொண்டு போனேன். தலைக்கு மேல் ஒரு இரும்புத் தட்டில் ஒயர்கள் எல்லாம் ஓடின. சத்தம் குறையவே இல்லை. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். மோட்டாரின் தடித்த ஒயரோடு, வெப்பத்தை லேப்டாப்புக்குக் கொண்டுவரும் மெல்லிய ஒயரையும் ஒரே கட்டாகப் பிளாஸ்டிக் நாடா போட்டு இறுக்கியிருந்தார்கள், ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை.

"இது ஆரு கட்டினதுங்க?"

டிரைவ் சுவரோரம் நின்ற எலக்ட்ரீஷியன் ஐம்பது வயதுக்காரர், அங்கேயே வேலை செய்கிறவர். "நான்தானுங்க. டிரைவ் மாட்டறப்ப, பாக்க ஒழுங்கா இருக்கட்டும்னு ஒண்ணாக் கட்டினேன்" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பார்வைக்கு உண்மையிலேயே ஒழுங்காகத்தான் இருந்தது.

லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கினேன். கோடுகள் கொஞ்சம் குறைந்தன. அந்தச் சார்ஜர் பிளக்கில் எர்த்துக்கான பெரிய முள்ளையே காணோம். பலகையில் நுழையவில்லை என்று யாரோ அறுத்திருந்தார்கள். இரைச்சல் தரைக்குப் போவதற்கு இருந்த வழியும் அதோடு போயிற்று. அடுத்து, மெல்லிய ஒயரை லேப்டாப்பிலிருந்து உருவினேன். கோடுகள் அநேகமாக மறைந்தன. கூடவே எட்டு எண்களும் மறைந்துபோயின. மறுபடி செருகினேன்.

முதலாளியிடம் சொன்னேன். "மோட்டார் ஒயரோட இரைச்சல் இந்தச் சின்ன ஒயர்ல ஏறி லேப்டாப்புக்கு வருதுங்க. ரெண்டையும் பிரிக்கோணும். பிரிக்கறதுன்னா டிரைவ நிறுத்தோணும்."

"எவ்வளவு நேரமுங்க?"

"ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிஷமாச்சும் ஆகுங்க."

"ஆகாதுங்க" என்றார் மச்சான். "குஞ்சு பொரிச்சுக்கிட்டு இருக்குது. ஃபேன் நின்னா அதுக சூட்டுலயே அதுக வெந்துரும்."

அவர் சொன்னது நிஜம். ஓட்டை உடைக்கிற நேரத்தில் குஞ்சுகளிடமிருந்து வருகிற சூடு கொஞ்சநஞ்சமல்ல. ஃபேன் அதை இழுத்து வெளியே தள்ளாவிட்டால் நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறும். சாயங்காலம்வரை பொறுத்துக் குஞ்சு எடுத்த பிறகு செய்யலாமே என்றார் முதலாளி. அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் சாயங்காலம்வரை இந்தத் திரையை நம்பித்தான் எட்டு மெஷினும் ஓட வேண்டும்.

அந்தப் பெண்தான் பேசினாள். "அஞ்சு நிமிஷம் நிறுத்துங்க. நான் கண்ணாடியப் பாத்துச் சொல்றேன். நூறத் தொட்டா போட்டுடுங்க. கொஞ்சம் ஆறினதும் மறுபடி அஞ்சு நிமிஷம்."

முதலாளி அவளையே பார்த்தார். பிறகு எலக்ட்ரீஷியனுக்குத் தலையசைத்தார்.

இடது பக்கத்து நான்கு டிரைவ்களையும் நிறுத்தினார்கள். ஃபேன் சத்தம் அடங்கியதும் குஞ்சுகளின் குரல் மட்டும் அறையை நிறைத்தது. நானும் எலக்ட்ரீஷியனும் ஆளுக்கொரு ஸ்டூலில் ஏறி நாடாவை வெட்டினோம். என் கை வழுக்கியது. கீழே அவள் மெஷினுக்கு மெஷின் ஓடிப் படித்துக்கொண்டிருந்தாள். "தொண்ணூத்தி எட்டரை. தொண்ணூத்தொம்பது. மூணாவது தொண்ணூத்தொம்பதரை." மெல்லிய ஒயரைத் தட்டிலிருந்து உருவிக் கீழே விட்டேன். ஒரு இடத்தில் சிக்கிக்கொண்டது. "மூணாவது நூறு. போடுங்க." டிரைவைப் போட்டார்கள். இன்னும் பாதி பாக்கியிருந்தது.

ஆறவிட்டு மறுபடி நிறுத்தினோம். இடது பக்கம் முடிந்தது. வலது பக்கத்தில் முதல் முறை நிறுத்தியபோது வெப்பம் இன்னும் வேகமாக ஏறியது. அதற்குள் இன்னும் நிறையக் குஞ்சுகள் வெளியே வந்திருந்தன. இரண்டாவது முறை, வேலை முடிந்து டிரைவைப் போட்டபோது ஐந்தும் ஆறும் எட்டும் கிளம்பின. ஏழு கிளம்பவில்லை. டிரைவின் சின்னக் கட்டத்தில் ஏதோ ஒரு எழுத்து மின்னிக்கொண்டிருந்தது. எலக்ட்ரீஷியன் ஒரு பொத்தானை அழுத்தினார், எழுத்து போகவில்லை. மறுபடி அழுத்தினார். "நூத்தி ஒண்ணு" என்றாள் அந்தப் பெண். மச்சான் எலக்ட்ரீஷியனைத் திட்ட ஆரம்பித்தார். எலக்ட்ரீஷியன் அதே பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார்.

அவள் யாரையும் கேட்கவில்லை. ஏழாவது மெஷினின் கதவை ஒரு சாண் அளவுக்குத் திறந்து, பெரிய அட்டை ஒன்றை எடுத்து விசிறி அனலை வெளியே தள்ளினாள். "நீங்க பதறாமப் பண்ணுங்கண்ணே" என்று எலக்ட்ரீஷியனிடம் சொன்னாள். அவர் அந்த டிரைவுக்கு வரும் மெயினை அணைத்தார், மெல்ல ஐந்துவரை எண்ணினார், திரும்பப் போட்டார். ஏழாவது ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. அவள் கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெப்பம் இறங்க ஆறேழு நிமிஷமானது.

மெல்லிய ஒயரை எதிர்ப்பக்கச் சுவரோடு தனியாக இழுத்தோம். லேப்டாப்பில் செருகுகிற நுனிக்குப் பக்கத்தில் ஒரு ஃபெரைட் வளையம் மாட்டினேன். சார்ஜர் ஒயரில் கறுப்பாக ஒரு உருளை இருக்குமே, அதே சாமான்தான். இரைச்சலை அதிலேயே பிடித்து நிறுத்திக்கொள்ளும். பிளக்கை மாற்றி எர்த்தைச் சேர்த்தோம். மேஜையை டிரைவ் சுவரிலிருந்து எட்டடி தள்ளிப் போட்டோம். பிறகு எலக்ட்ரீஷியன் எல்லா ஃபேனையும் ஒரு நிமிஷம் முழு வேகத்துக்கு ஏற்றினார்.

திரை வெளுக்கவில்லை. எண்கள் கிழியவில்லை. ஆனால் கீழ் ஓரத்தில் இரண்டு மெல்லிய கோடுகள் துடித்துக்கொண்டே இருந்தன.

"அப்ப லேப்டாப்லயும் குத்தம் இருக்குது" என்றார் மச்சான். "அதுல தண்ணிய கிண்ணிய ஊத்தியிருப்பா. நாந்தான் முதல்லயே சொன்னேனே."

லேப்டாப்பை அணைத்து, திரையைச் சுற்றியிருக்கும் சட்டத்தைக் கழற்றினேன். கழற்றும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

திரைக்குப் போகும் ஒயரின் மேல், வெள்ளி நிறத்தில் துணி போல ஒரு நாடா ஒட்டியிருக்க வேண்டும். அதன் நுனி உள்ளே இருக்கும் உலோகத் தகட்டைத் தொட வேண்டும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் திரையின் ஒயரில் ஏறாமல் தகட்டுக்குக் கடத்திவிடுவது அதன் வேலை. இரண்டு மாதம் முன்பு புதுத் திரை மாட்டியபோது, பழைய நாடா பசை போய்ச் சுருண்டிருந்தது. அதை வைத்து மூடினால் சட்டம் சரியாகப் படியவில்லை. நான் அதைப் பிய்த்துக் குப்பைக் கூடையில் போட்டேன். புது நாடா ஒட்டவில்லை. அது இல்லாமலேயே திரை பளிச்சென்று வந்தது. போதும் என்று மூடிவிட்டேன்.

முதலாளியும் மச்சானும் எலக்ட்ரீஷியனும் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் புரியப்போவதில்லை. பையில் நாடா இருந்தது. பேசாமல் ஒட்டி, சட்டத்தை மூடி, ஒயர்தான் காரணம் என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. அதுவும் முழுப் பொய்யாகாது. அந்த நினைப்போடு கொஞ்ச நேரம் ஸ்க்ரூவைத் தேடுகிறவள்போல் குனிந்தே இருந்தேன். நாமக்கல் வட்டாரத்தில் முதலாளிகள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள். கைவேலையில் குறை என்று ஒரு பேச்சு கிளம்பினால் என் கடையை யார் நம்பி வருவார்கள்?

"தண்ணி எதுவும் படலைங்க" என்றேன் கடைசியில். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "இங்க ஒரு நாடா இருக்கோணும். திரை மாத்தினப்ப நாந்தான் எடுத்துப் போட்டேன். திரும்ப ஒட்டாம உட்டுட்டேன். டிரைவ் வராம இருந்திருந்தா இது தெரிஞ்சிருக்காது. நாடா இருந்திருந்தா கோடும் இவ்வளவு விழுந்திருக்காது. இந்தப் புள்ள மேல இதுல ஒரு குத்தமும் இல்லைங்க."

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. முதலாளி, "நல்லாருக்குதுன்னு எழுதிக் குடுத்தீங்களே அம்மிணி" என்று மட்டும் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் தேவலாம் போலிருந்தது.

நாடாவை ஒட்டினேன். நுனியைத் தகட்டில் அழுத்தி, மீட்டர் வைத்து இரண்டும் சேர்ந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். மூடி, போட்டேன். எலக்ட்ரீஷியன் மறுபடி முழு வேகத்துக்கு ஏற்றினார். அறையே அதிர்ந்தது. எட்டு வரியும் அப்படியே நின்றன. ஓரத்தில் துடிப்பு இல்லை. இன்னும் இரண்டு தடவை ஏற்றி இறக்கச் சொன்னேன். அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரை முன்னால் உட்கார்ந்தாள். நான் உள்ளே போனதிலிருந்து அவள் உட்கார்ந்ததே அப்போதுதான்.

முதலாளி அவளிடம், "நீ இரு. வேலைய உட்டு நிக்க வேண்டாம்" என்றார்.

"நான் போன் பாத்துக்கிட்டு இருந்தேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னாங்க. அப்படி இல்லன்னு எல்லார் முன்னாடியும் சொல்லணும்" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மச்சான் வெளியே போய்விட்டார். முதலாளி தாடையைத் தடவிக்கொண்டு நின்றார். சாயங்காலம் குஞ்சு எடுக்க வேலையாட்கள் எல்லோரும் கூடியபோது, அவர் தொண்டையைச் செருமி, அன்றைக்குக் குஞ்சு செத்ததில் இந்தப் பிள்ளை மேல் தப்பில்லை, ஒயரிலும் லேப்டாப்பிலும்தான் கோளாறு என்று சொன்னார். சொல்லி முடித்ததும் டிரேக்களைச் சீக்கிரம் எடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். அது மன்னிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் எல்லோர் காதிலும் விழுந்தது. ஏழாவது மெஷின் கதவைத் திறந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். டிரே டிரேயாக மஞ்சள் குஞ்சுகள், ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கத்திக்கொண்டு.

பழைய லெட்டரை வாங்கிக் கிழித்துவிட்டு, வேறொன்று எழுதிக் கொடுத்தேன். அதில் நாடாவைப் பற்றியும் எழுதினேன். அவளுக்கும் ஒரு பிரதி கொடுத்தேன்.

கிளம்பும்போது அவள் வாசல்வரைக்கும் வந்தாள். உள்ளே போன் கொண்டுபோக இப்போது தடை போட்டிருந்ததால் வாட்ச்மேன் அறையில் கொடுத்து வைத்திருந்தாள். அதை வாங்கி யாரையோ அழைத்தாள். லாரி ஓட்டுகிற அவள் வீட்டுக்காரர், லோடு இறக்கிவிட்டு நாக்பூர் பக்கம் ஏதோ ஒரு ஊரில் காத்திருந்தாராம். மச்சான் அவருக்கும் போன் போட்டு, உன் பெண்டாட்டி கவனம் இல்லாமல் குஞ்சுகளைச் சாகவிட்டாள் என்று சொல்லியிருந்தார். நாலு நாளாக அவர் இவளோடு சரியாகப் பேசவில்லையாம்.

"நான் சொன்னா சமாளிக்கிறேன்னு நெனைப்பாரு. நீங்களே சொல்லுங்கக்கா" என்று போனை என் கையில் கொடுத்தாள்.

முகம் தெரியாத ஒருவரிடம், சங்ககிரியில் கடை வைத்திருப்பவள் என்று ஆரம்பித்தேன். ஃபேன், டிரைவ், ஒயர், நான் ஒட்டாமல் விட்ட நாடா என்று எல்லாவற்றையும் இன்னொரு தடவை சொன்னேன். முதல் தடவையைவிட இது கஷ்டமாக இருந்தது. அந்தப் பக்கம் லாரிகளின் ஹாரன் கேட்டுக்கொண்டிருந்தது. முடித்த பிறகு அவர், "அப்ப அவ மேல தப்பில்லைங்களா?" என்றார்.

"இல்லைங்க. அவங்க இல்லாட்டி இன்னைக்கு ஏழாவது மெஷினும் போயிருக்குமுங்க."

"சரிங்க. போன அவகிட்டக் குடுங்க."

கொடுத்தேன். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு வேப்ப மரத்துப் பக்கம் நடந்தாள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது கண்ணைத் துடைத்திருந்தாள். "டிரே எறக்கணும், வரட்டுமாக்கா?" என்றாள். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

முதலாளி இன்றும் என்னிடம்தான் வருகிறார். மச்சான் வருவதில்லை. அந்தப் பெண் அங்கே மேலும் எட்டு மாதம் இருந்தாள். பிறகு ஆத்தூர் ரோட்டில், அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற வேறொரு ஹேச்சரிக்கு சூப்பர்வைசராகப் போய்விட்டாள். போன மாசம் போன் செய்தாள். அங்கேயும் புதிதாக டிரைவ் மாட்டப் போகிறார்களாம், எந்த ஒயரை எந்தப் பக்கம் இழுக்கச் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். இரண்டு இடத்தில் என்னை நிறுத்தி, திருப்பிச் சொல்லச் சொன்னாள்.